கதவைத் திறக்கும் விசை எங்கிருந்து வருகிறது?

1952-இல் லாஸ் ஏஞ்சலிஸை ஒட்டிய லின்வுட்டில், ஜார்ஜ் பாரிஸ், சாம் பாரிஸ் சகோதரர்களின் பட்டறையிலிருந்து ஒரு 1951 மெர்குரி கார் உருமாறி வெளியே வந்தது. பாப் ஹிரோஹாட்டா என்ற இளைஞருக்காகச் செய்தது என்பதால் இன்றும் அதற்கு ஹிரோஹாட்டா மெர்க் என்றே பெயர். கூரையை அறுத்துத் தாழ்த்தியிருந்தார்கள், நடுத்தூணின் மேற்பகுதியை எடுத்திருந்தார்கள், இரண்டு பச்சை நிறங்களை அடித்திருந்தார்கள். இவ்வளவும் பார்த்தவுடன் தெரியும். சற்று நின்று பார்த்தால்தான் தெரிகிற ஒன்று, கதவுகளில் வெளிக் கைப்பிடி கிடையாது என்பது. போருக்குப் பிந்தைய கலிஃபோர்னியாவில் காரைத் தன் ரசனைக்கு மாற்றுகிறவர்கள் முதலில் கைவைத்தது இந்த மாதிரிச் சின்னச் சின்ன உறுப்புகளில்தான். பானட்டின் முத்திரை போகும், டிக்கியின் பிடி போகும், பிறகு கதவுக் கைப்பிடிகள். கழற்றி, ஓட்டையை மூடி, தேய்த்து, பெயின்ட் அடித்துவிட்டால் முன்விளக்கிலிருந்து பின்விளக்கு வரை பார்வை எங்கும் இடறாது. அன்று பட்டறையில் தனித்தனியாக யோசித்துச் செய்த இந்த வேலைக்கு இன்று ரிமோட்டோடு கூடிய ஆயத்தத் தொகுப்புகளே கடையில் கிடைக்கின்றன.

இது அழகுக்காகச் செய்யும் மாற்றம், அதற்குமேல் ஒன்றுமில்லை என்று ஒரு தரப்பு சொல்கிறது. உயிரோடு விளையாடும் வேலை என்று இன்னொரு தரப்பு சொல்கிறது. இரண்டுமே விஷயத்தைத் தவறவிடுகின்றன என்பது என் கருத்து. கைப்பிடியை எடுப்பதால் தகட்டுக்கோ தாழுக்கோ கேடு வர வேண்டிய கட்டாயம் இல்லை. கவனமாகச் செய்தால் சில வகைகளில் கார் முன்பைவிடப் பாதுகாப்பானதாகக்கூட ஆகும். இழப்பு வேறோர் இடத்தில் இருக்கிறது. கதவைத் திறக்கும் விசை அதுவரை வெளியே நிற்கிறவரின் கையிலிருந்து வந்தது. இனி அது காருக்குள் இருக்கும் பேட்டரியிலிருந்து வர வேண்டும். இந்த ஒரு மாற்றத்தின் விளைவுகளைத் தொடர்ந்து போய்ப் பார்த்தால், எதை எடுக்கலாம், எதை எடுக்கக் கூடாது என்பது தெளிவாகிவிடும்.

தகட்டு வேலையிலிருந்து தொடங்குகிறேன், இந்தக் கலையின் பெருமை அங்கேதான் இருக்கிறது. கைப்பிடியைக் கழற்றியதும் கதவில் இரண்டு மூன்று ஓட்டைகள் மிஞ்சும். அதே தடிமனுள்ள தகட்டில் ஒட்டு வெட்டி, விளிம்போடு விளிம்பு பொருந்த வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். ஒட்டை ஓட்டையின் மேல் ஏற்றி வைத்துப் பற்றவைத்தால் வேலை சீக்கிரம் முடியும். ஆனால் இரண்டு தகடுகளுக்கும் நடுவே ஈரம் தங்கி, உள்ளிருந்தே துரு கிளம்பிப் பெயின்டைத் தூக்கிவிடும். விளிம்பு பொருத்தி வைப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. கதவுத் தகட்டின் தடிமன் சுமார் ஒரு மில்லிமீட்டர். வெல்டிங் படும் இடம் உருகும் அளவுக்குச் சூடாகி விரியப் பார்க்கும். சுற்றியுள்ள குளிர்ந்த தகடு இடம் கொடுக்காது. சூட்டில் இளகிய உலோகம் பக்கவாட்டில் போக வழியில்லாமல் நின்ற இடத்திலேயே தடித்துக்கொள்ளும். பிறகு ஆறிச் சுருங்கும்போது, தடித்த அளவுக்கு அகலம் குறைந்து, சுற்றியுள்ள தகட்டைத் தன் பக்கம் இழுக்கும். கண்ணாடி மாதிரி இருந்த கதவில் அலை விழுவது இப்படித்தான். அதனால் கைதேர்ந்த டிங்கர் ஒரே இழுப்பாக வெல்டிங் ஓட்ட மாட்டார். ஒரு புள்ளி இந்தப் பக்கம், அடுத்த புள்ளி எதிர்ப்பக்கம், கை வைத்தால் பொறுக்கும் சூட்டுக்கு வந்த பிறகே மூன்றாவது. ஒவ்வொன்றின் பின்னாலும் இரும்பு டாலியை அண்டக் கொடுத்து, முன்னால் சுத்தியலால் தட்டி, சுருங்கியதை மறுபடி நீட்டுவார். உள்ளங்கை அகல ஒட்டுக்குப் பாதி நாள் போகும்.

ஒட்டின் மேல் மிஞ்சும் பள்ளத்தை அந்தக் காலத்தில் நிரப்பியது ஈயக் கலவை. பெரும்பாலும் 70 பங்கு காரீயம், 30 பங்கு வெள்ளீயம். இந்த விகிதத்தில் நல்ல உலோகவியல் இருக்கிறது. தூய காரீயம் 327 டிகிரி செல்சியஸிலும் தூய வெள்ளீயம் 232 டிகிரியிலும் உருகும். இரண்டையும் கலந்தால் 183 டிகிரியிலேயே உருகத் தொடங்கும். ஏறக்குறைய 62 சதவீதம் வெள்ளீயம் இருந்தால் அந்த ஒரே வெப்பநிலையில் முழுக்க உருகி முழுக்க உறையும். மின்சுற்றுப் பலகைகளில் பற்றவைக்க அது வசதி. கார்க் கதவுக்கு அது உதவாது, நிமிர்ந்து நிற்கும் தகட்டில் தண்ணீராக வழிந்துவிடும். 30 சதவீத வெள்ளீயக் கலவையோ 183-இல் உருக ஆரம்பித்தாலும் 255 டிகிரியை நெருங்கினால்தான் முழுத் திரவமாகும். நடுவில் உள்ள எழுபது டிகிரி இடைவெளியில், திடமான காரீய மணிகள் உருகிய வெள்ளீயக் குழம்பில் மிதக்க, கலவை குழைந்த வெண்ணெய் பதத்தில் நிற்கும். சுடரைக் காட்டுவதும் விலக்குவதுமாக அந்தப் பதத்தைக் காத்துக்கொண்டு, தேன்மெழுகு தடவிய மரத் தட்டையால் கதவின் வளைவுக்கு ஏற்பத் தள்ளித் தள்ளிப் பூசுவார்கள். பூசியதைச் சாணைக்கல்லால் தேய்க்காமல் அரத்தால் சீவுவது வழக்கம். காரீயத் தூசு மூச்சில் போனால் நரம்பையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். பிறகு பாலியெஸ்டர் பட்டி வந்து ஈயத்தின் இடத்தைப் பெரும்பாலும் பிடித்துக்கொண்டது. ஆனாலும் சரியாகப் பூசிய ஈயம் தகட்டோடு உலோகமாகப் பிணைந்து, பல பத்தாண்டுகள் வெடிக்காமல் நிற்கும். இந்தத் திறமையை வெறும் அலங்காரம் என்று தள்ளிவிடுகிறவர்கள் அதை அருகிலிருந்து பார்க்காதவர்கள்.

காற்றைக் கிழித்துக்கொண்டு போகக் கைப்பிடியை எடுக்கிறோம் என்ற காரணம் மட்டும் எடுபடாது. கணக்கு எளிது. ஒரு சாதாரணக் கைப்பிடி கதவிலிருந்து 4 சென்டிமீட்டர் நீட்டிக்கொண்டு, 3 சென்டிமீட்டர் உயரம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். காற்றின் எதிரே அது காட்டும் பரப்பு 12 சதுர சென்டிமீட்டர். நான்கு கைப்பிடிக்கு 48. இக்காலக் கார் ஒன்றின் முகப்புப் பரப்பு 2.2 சதுர மீட்டர், இழுவைக் கெழு 0.3 என்றால், இரண்டையும் பெருக்க வரும் காரின் மொத்தக் கணக்கு 6,600 சதுர சென்டிமீட்டர். கைப்பிடிகளின் பங்கு நூற்றுக்கு ஒன்றைக்கூடத் தொடவில்லை. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் நான்கும் சேர்ந்து தரும் எதிர்ப்பு 2 நியூட்டன் சொச்சம், அதாவது 200 கிராம் எடையின் விசை. கதவையொட்டி மெதுவாக நகரும் காற்றடுக்குக்குள் கைப்பிடி பாதி மூழ்கியிருப்பதால் உண்மையில் அதுவும் குறையும். எனவே அழகுக்காகச் செய்கிறோம் என்று நேராகச் சொல்வதே நேர்மை. பாரிஸ் சகோதரர்கள் அப்படித்தான் செய்தார்கள், அதில் தவறேதும் இல்லை. மின்சாரக் கார் நிறுவனங்கள் காற்றியலைக் காட்டி அதையே செய்யும்போதுதான் இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இனி கதவுக்குள் போவோம். கதவுத் தூணில் ஸ்ட்ரைக்கர் என்ற கனமான இரும்பு வளையம் இருக்கும். கதவின் விளிம்பில் இருக்கும் தாழில் ஒரு கவ்வி சுழன்று அந்த வளையத்தைப் பற்றிக்கொள்ளும். கவ்வி திரும்பிப் போகாதபடி ஒரு நெம்பு அதன் பல்லில் விழுந்து தடுக்கும். கைப்பிடி செய்வதெல்லாம் ஒரு கம்பியின் வழியாக அந்த நெம்பை விலக்குவது ஒன்றுதான். சுமார் 30 நியூட்டன் விசையில் 3, 4 சென்டிமீட்டர் இழுத்தால் போதும். செலவாகும் ஆற்றல் ஒரு ஜூல் அளவு. கைப்பிடியை எடுத்தபின் இதே வேலையை ஒரு சொலினாய்டு செய்கிறது. செப்புக் கம்பிச் சுருளில் மின்சாரம் பாய்ந்ததும் நடுவிலுள்ள இரும்புத் தண்டு உள்ளே இழுபடும்; தண்டோடு கட்டிய கேபிள் நெம்பை இழுக்கும். 12 வோல்ட்டில் 30 ஆம்பியர், ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்கு நேரம் என்று கொண்டால் செலவு 100 ஜூலைத் தாண்டும். கை ஒரு ஜூலில் செய்வதற்கு இதற்கு நூறு மடங்கு தேவைப்படுகிறது. இவ்வளவு மின்னோட்டத்தை ரிமோட் பெட்டியால் தாங்க முடியாது என்பதால் நடுவில் ரிலே வேண்டும், தடித்த வயர் வேண்டும், ஃபியூஸ் வேண்டும். நெம்பு விலகினாலும் இழுக்கப் பிடியில்லாத கதவு தானாக வெளியே வராது. அதற்காகத் தூணில் ஒரு ஸ்பிரிங் முளையைப் பொருத்தி, கதவை விரல் நுழையும் அளவுக்குத் தள்ளிவிடச் செய்வார்கள்.

சொலினாய்டின் இயல்பில் ஒரு பலவீனம் இருக்கிறது. தண்டுக்கும் எதிர்முனைக்கும் உள்ள இடைவெளி கூடக் கூட இழுவிசை மிக வேகமாக விழும். ஏறத்தாழ இடைவெளியின் இருமடிக்கு எதிர்விகிதமாக. தாழை அசைக்க அதிக விசை தேவைப்படுவது தொடக்கத்தில். சொலினாய்டு மிகவும் பலவீனமாக இருப்பதும் அதே தொடக்கத்தில். பெட்டியின் மேல் 50 பவுண்டு இழுக்கும் என்று எழுதியிருந்தால் அது பெரும்பாலும் தண்டு உள்ளே வந்து சேரும்போது கிடைக்கும் உச்சம். மின்னழுத்தம் குறைந்தாலும் விசை வேகமாகக் குறையும். மின்னோட்டம் பாதியானால் விசை காலாகும். 12.6 வோல்ட்டில் நன்றாக இழுக்கும் சொலினாய்டு, பேட்டரி இறங்கி 9 வோல்ட்டுக்கு வந்தால் பாதி விசையில்தான் இழுக்கும். வெயிலில் நின்ற கதவுக்குள் சுருள் 50 டிகிரி கூடுதலாகச் சூடானால் செம்பின் மின்தடை ஐந்தில் ஒரு பங்கு ஏறி, விசை இன்னும் மூன்றில் ஒரு பங்கு போகும். கேபிளை இறுக்கமாக, வளைவு இல்லாமல் கட்டுவதும், தண்டின் பயணத்தைக் குறைவாக வைப்பதும், தேவைக்கு இரண்டு மடங்கு வலுவுள்ள சொலினாய்டைத் தேர்வதும் இதற்காகவே. ஆனால் கதவின் நிலை மோசமாக இருக்கும்போது தேவையே மாறிவிடும். மோதலில் தூண் சற்று நெளிந்தால் ஸ்ட்ரைக்கர் கவ்வியை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். நெம்பின் மேல் உராய்வு பல மடங்காகும். மனிதக் கை 30 நியூட்டனில் திறக்காததை 300 நியூட்டனில் இழுத்துப் பார்க்கும், காலை ஊன்றி இழுக்கும், இன்னொருவரைக் கூப்பிடும். சொலினாய்டுக்கு அந்தக் கையிருப்பு கிடையாது.

கைப்பிடி இருப்பதே ஓர் ஆபத்து என்பதையும் சொல்லியாக வேண்டும். பக்கவாட்டில் இன்னொரு வண்டி மோதும்போது கதவு உள்நோக்கித் திடீரென முடுக்கப்படுகிறது. கைப்பிடியோ தன் நிலைமத்தால் பின்தங்குகிறது. கதவிலிருந்து பார்த்தால் அது வெளிநோக்கி இழுக்கப்பட்டதற்குச் சமம். யாரோ கதவைத் திறக்கிறார்கள் என்றே தாழுக்குத் தோன்றும். கைப்பிடியின் அசையும் பகுதி 200 கிராம் என்று வைத்து, தாழ்களுக்கான விதிகள் சொல்லும் 30 ஜி முடுக்கத்தில் கணக்கிட்டால், சுமார் 59 நியூட்டன் வருகிறது. கதவைத் திறக்க 30 போதும் என்று மேலே பார்த்தோம். இதனால்தான் ஆலைகள் கைப்பிடிக்குப் பின்னால் எதிர்எடை ஒன்றை வைத்து இந்த விசையைச் சமன் செய்கின்றன. கைப்பிடியையே எடுத்துவிட்டால் இந்தப் பிரச்சினையும் போய்விடும். பழைய கார்களில் நன்மை இன்னும் கூடுதல். கதவு திறந்து பயணிகள் வெளியே தூக்கி எறியப்படுவதே சாவுக்குப் பெரிய காரணம் என்று 1950-களில் கார்னெல் பல்கலைக்கழகத்தின் விபத்து ஆய்வுகள் காட்டின. 1956 மாடல்களில்தான் அமெரிக்க நிறுவனங்கள் இறுக்கிப் பிடிக்கும் புதுத் தாழ்களைக் கொண்டுவந்தன. 1951 மெர்குரியின் தாழ் அதற்கு முந்தையது. இன்று அப்படியொரு காரில் கைப்பிடியை எடுக்கிற பட்டறை, பழைய தாழையும் தூக்கிவிட்டு, கரடிநகம் என்று அழைக்கப்படும் இரட்டைக் கவ்வித் தாழைப் பொருத்துவது வழக்கமாகிவிட்டது. அந்தக் காரில் பயணிப்பவர், மோதலில் கதவு திறந்துகொள்ளுமா என்ற கேள்வியில், 1951-இல் இருந்ததைவிட நல்ல நிலையில் இருக்கிறார். சொலினாய்டின் தண்டும் ஒரு நிறைதான். அதைக் கிடையாகக் குறுக்கே வைத்தால் கைப்பிடியின் பிரச்சினை வேறு உருவில் திரும்பி வரும். நிமிர்த்தி வைத்து, நல்ல எதிர்ஸ்பிரிங் கொடுத்தால் போதும்.

ஆகவே கதவு மூடியே இருக்க வேண்டும் என்ற தேவைக்குக் கைப்பிடி அவசியமில்லை. கதவு திறக்க வேண்டும் என்ற தேவைதான் மிச்சம். இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரானவை. அலுவலகக் கட்டடங்களில் காந்தத்தால் பூட்டப்படும் கதவுகளைத் தீப்பிடித்து மின்சாரம் போனால் தானாகத் திறக்கும்படி அமைக்கிறார்கள். காரில் அப்படிச் செய்ய முடியாது. ஓடும் காரில் ஒரு வயர் அறுந்ததற்காகக் கதவு திறந்துகொண்டால் அது கொலை. அதனால் காரின் தாழ், மின்சாரம் போனாலும் பூட்டியே இருக்க வேண்டும். அதே கார் பள்ளத்தில் கிடக்கும்போது, அதே வயர் அறுந்திருக்கும்போது, அதே தாழ் திறக்கவும் வேண்டும். இரண்டு நிலைகளையும் பிரித்தறிய ஏதோ ஒன்று தேவை. வேக உணரி வைக்கலாம், கணினி வைக்கலாம். ஆனால் அவையும் அதே மின்சாரத்தை நம்பியவை. வெளிக் கைப்பிடி இந்தப் பிரச்சினையை எந்த உணரியும் இல்லாமல் தீர்த்துவைத்திருந்தது. ஓடுகிற காரின் வெளிக் கைப்பிடியை யாராலும் பிடித்து இழுக்க முடியாது. நின்ற காரைத்தான் பிடிக்க முடியும். வெளியிலிருந்து ஒரு கை வந்து இழுக்கிறது என்றாலே கார் நின்றுவிட்டது, திறப்பது சரி என்பது தானாக உறுதியாகிறது. விசையும் அந்தக் கையோடு சேர்ந்தே வருகிறது. நூறாண்டுகளாகக் கார்க் கதவில் தொங்கிக்கொண்டிருந்த அந்தச் சாதாரண உலோகத்துண்டு எவ்வளவு பெரிய வேலையைச் செய்துவந்தது என்பது அதை எடுத்த பிறகுதான் புலப்படுகிறது.

பேட்டரியில் ஆற்றல் போதாது என்பதல்ல என் வாதம். 45 ஆம்பியர் மணி பேட்டரி ஒன்றில் ஏறத்தாழ 19 லட்சம் ஜூல் இருக்கிறது; நூறு ஜூல் வீதம் கதவைப் பதினெட்டாயிரம் தடவைக்குமேல் திறக்கலாம். குறை இருப்பது அளவில் அல்ல, வழியில். பேட்டரி பெரும்பாலும் பானட்டுக்குள், அதாவது நேருக்குநேர் மோதலில் முதலில் நசுங்கும் இடத்தில் இருக்கிறது. எந்த நிகழ்வு கதவை அவசரமாகத் திறக்க வைக்கிறதோ அதே நிகழ்வு திறக்கும் விசையையும் துண்டித்துவிடக்கூடும். விபத்துகூட வேண்டியதில்லை. 2015 ஜூனில் டெக்ஸஸ் மாநிலத்தின் போர்ட் ஆர்தரில், நிறுத்திவைத்த 2007 கார்வெட் காருக்குள் ஒரு முதியவரும் அவர் நாயும் வெப்பத்தில் இறந்துபோனார்கள். பேட்டரி கேபிள் கழன்றிருந்தது. அந்தத் தலைமுறைக் கார்வெட்டில் கதவு உள்ளேயும் வெளியேயும் மின்பொத்தானால் திறப்பது. மின்சாரம் இல்லாதபோது இழுக்க இருக்கையின் பக்கத்தில், தரையில் ஒரு நெம்புகோல் இருந்தது. வெளியிலிருந்து திறக்கவும் ஒரு வழி உண்டு. பின்பக்கச் சாவித் துளையில் டிக்கியைத் திறந்து, உள்ளே ஒரு பட்டையை இழுத்தால் ஓட்டுநர் கதவு விடுபடும். ஆலை இரண்டாவது வழியை வைத்திருந்தது. அந்த நேரத்தில் அது கைக்கு எட்டவில்லை. பதற்றத்தில் கை போவது கதவுக்குத்தான். தரைக்கோ காரின் பின்பக்கத்துக்கோ அது போகாது.

2012-இல் டெஸ்லா மாடல் எஸ் கதவுக்குள் மடங்கிக்கொள்ளும் கைப்பிடியோடு வந்த பிறகு, ஒரு காலத்தில் பட்டறைகளின் ரசனையாக இருந்தது உலகெங்கும் ஆலைகளின் ரசனையாகிவிட்டது. மஹிந்திராவின் எக்ஸ்யூவி 700 காரும் 2021-இல் தகட்டோடு படிந்த கைப்பிடிகளோடுதான் வந்தது. எல்லா மடக்குக் கைப்பிடிகளும் ஒன்றல்ல. சிலவற்றால் மின்சாரம் இல்லாமலேயே கதவைத் திறக்கலாம், சிலவற்றால் முடியாது. முடியாத வகையின் விலை என்ன என்பது 2025 செப்டம்பரில் அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பு, 2021 டெஸ்லா மாடல் ஒய் கார்கள் மீது தொடங்கிய விசாரணையில் தெரிந்தது. புகார்களின் மையத்தில் இருந்தவர்கள் பெற்றோர். இறங்கிக் கதவை மூடியபின், 12 வோல்ட் பேட்டரி இறங்கிவிட, வெளிக் கைப்பிடி வேலை செய்யவில்லை, குழந்தை உள்ளே. சிலர் கண்ணாடியை உடைக்க வேண்டியதாயிற்று. உள்ளே கையால் இழுக்கும் விடுவிப்பு இருந்தது, ஆனால் இருக்கையில் கட்டிவைத்த குழந்தைக்கு அதனால் என்ன பயன்? சீனா இன்னும் நேராகப் போயிற்று. 2027 ஜனவரி 1 முதல் புதிய மாடல்களின் பக்கக் கதவுகளில், மின்சாரம் இல்லாமலும் வெளியிலிருந்து கையால் திறக்கும் அமைப்பு கட்டாயம். கை நுழைய 6 சென்டிமீட்டர் நீளம், 2 சென்டிமீட்டர் அகலம், 2.5 சென்டிமீட்டர் ஆழமாவது இடம் வேண்டும் என்றுகூட அந்தத் தரம் அளந்து சொல்கிறது. விரல்களின் அளவில் எழுதப்பட்ட விதி அது. சரியான இடத்தைத் தொட்டிருக்கிறது.

இதற்கு வரும் மறுப்புகள் எளிதில் ஒதுக்கத்தக்கவை அல்ல. பூட்டிய காரின் கைப்பிடியை இழுத்தாலும்தான் திறக்காது, பிறகென்ன வித்தியாசம் என்று கேட்கிறார்கள். பூட்டுவது ஒருவர் எடுக்கும் முடிவு, எடுக்காமலும் இருக்கலாம். காற்றுப்பை விரிந்ததும் பூட்டைத் தானே விடுவிக்கும் கார்களும் இன்று நிறைய உண்டு. கைப்பிடி இல்லாத கதவில் அந்த முடிவுக்கே இடமில்லை, வெளியாளுக்கு அது எப்போதும் பூட்டியதுதான். கண்ணாடியை உடைக்கலாமே என்பது அடுத்தது. வெப்பமூட்டிக் கடினப்படுத்திய பக்கக் கண்ணாடி கூரான இரும்பு பட்டால் உதிர்ந்துவிடும், உண்மை. ஆனால் கூரையைத் தாழ்த்திய காரில் சன்னல் உயரம் குறைவதால் கண்ணாடியைப் புதிதாக வெட்ட வேண்டும்; கடினப்படுத்திய கண்ணாடியை வெட்ட முடியாது, வெட்டினால் தூளாகும். எனவே நடுவில் பிளாஸ்டிக் படலம் ஒட்டிய அடுக்குக் கண்ணாடியைத்தான் போடுகிறார்கள். அது விரிசல் விடும், விழாது. விழுந்தாலும், ஓர் ஆளை வெளியே இழுக்க அந்தத் தாழ்ந்த சன்னல் போதாது. இவை கண்காட்சிக்குப் போய்வரும் கார்கள்தானே என்ற மறுப்புக்கு ஹிரோஹாட்டாவே பதில். 1953-இல் அவர் இதே மெர்குரியைக் கலிஃபோர்னியாவிலிருந்து இண்டியானாபொலிஸ் வரை ஓட்டிக்கொண்டு போனார். செய்தவர்கள் ஓட்டுவதற்காகவே செய்தார்கள்.

கொஞ்சம் வலுவான மறுப்பு ஒன்று தொழில்நுட்பம் தெரிந்தவர்களிடமிருந்து வருகிறது. பேட்டரி வழி துண்டிக்கப்படும் என்பதுதான் பயமென்றால், ஒவ்வொரு கதவுக்குள்ளும் தனியாக ஆற்றலைச் சேமித்து வைத்துவிடலாமே? வைக்கலாம். 12 வோல்ட்டிலிருந்து 9 வோல்ட்டுக்கு இறங்குவதற்குள் 100 ஜூல் தர, மூன்றேகால் ஃபாரட் அளவுள்ள மீமின்தேக்கி போதும். கையில் அடங்கும் பொருள்தான். வயர் அறுந்தாலும் கதவு தன் சொந்தச் சேமிப்பில் திறக்கும். நல்ல யோசனை, செய்யவும் வேண்டும். ஆனால் அது விசைக்குப் பதில் சொல்கிறதே தவிர, அதைக் கட்டவிழ்க்கிற ஆளுக்குப் பதில் சொல்லவில்லை. பொத்தான் பக்கக் கண்ணாடியின் அடியிலோ கதவடிச் சட்டத்தின் உட்புறமோ ஒளிந்திருக்கிறது. உரிமையாளருக்குத் தெரியும், அவர் உள்ளே மயங்கிக் கிடக்கிறார். ஓடிவந்த லாரி ஓட்டுநருக்குத் தெரியாது. மோதியதும் கதவு தானாகத் திறக்கட்டும் என்றால், கார் உருண்டுகொண்டிருக்கும்போதே திறந்துவிடும். 1950-களின் ஆய்வுகள் எச்சரித்த அதே இடத்துக்குத் திரும்பிவிடுவோம்.

இந்த மாற்றத்தைச் செய்கிற நல்ல பட்டறைகள் தாழிலிருந்து ஒரு தனிக் கேபிளை இழுத்து, சக்கர வளைவின் உட்புறமோ காரின் அடியிலோ கொண்டுவந்து விடுகின்றன. உள்ளே இருக்கும் பழைய கைப்பிடியைத் தொடுவதில்லை. இது குறைந்தபட்சம். உள்கைப்பிடியையும் பொத்தானாக மாற்றுகிறவர்கள் இந்தக் குறைந்தபட்சத்தையும் விட்டுவிடுகிறார்கள், அதை எந்த அழகைக் காட்டியும் ஏற்க முடியாது. ஆனால் அடியில் தொங்கும் கேபிளும் உரிமையாளருக்கான வழிதானே தவிர வழிப்போக்கருக்கானது அல்ல. வழிப்போக்கரையும் கணக்கில் எடுத்தால், தகட்டோடு படிந்த, கையால் மட்டுமே இயங்கும் ஒரு பிடியை விட்டுவைக்க வேண்டும். அது முடியாத காரியமில்லை. 1954-இல் வந்த மெர்சிடிஸ் 300 எஸ்எல் காரில், மேல்நோக்கித் திறக்கும் அந்தக் கதவுகளில், கைப்பிடி தகட்டுக்குள் படிந்திருக்கும். ஒரு முனையை அழுத்தினால் மறுமுனை வெளியே வரும், பிடித்து இழுக்கலாம். அதில் வயர் இல்லை, மோட்டார் இல்லை. ஈயம் பூசத் தெரிந்த கைகளுக்கு அப்படியொரு பிடியைக் கதவின் வளைவுக்கு ஏற்ப இழைத்து, அதே நிறம் அடித்து, இரண்டடி தள்ளி நின்றால் தெரியாதபடி செய்வது பெரிய சவால் அல்ல. ஒட்டு வைப்பதைவிட இரண்டு நாள் கூடுதல் வேலை. வேலை முடிந்ததும் பேட்டரியின் ஒரு முனையைக் கழற்றிவிட்டு, அந்தக் காரை முன்பின் பார்த்திராத ஒருவரை அழைத்து, ஒன்றும் சொல்லாமல் கதவைத் திறக்கச் சொல்லிப் பார்க்கலாம். அவரால் திறக்க முடியாவிட்டால் அந்தக் கதவில் இன்னும் வேலை மிச்சம் இருக்கிறது.